தேன்சிட்டுக்குக் கொட்டாங்குச்சியில் விருந்து

மலையடிவாரத்துல ஒரு ஊரு, அந்த ஊர்ல பாவாயின்னு ஒருத்தி இருந்தாளாம். அவ வீட்டுக்குப் பின்னாடி ஒரு மாதுளை மரம். அவ கல்யாணமாகி வந்தப்ப அவ அம்மா சின்னக் கன்னா மடியில வச்சுக் குடுத்தனுப்பினது. இப்ப அம்மா இல்ல, மரந்தான் இருக்கு. அது கூரை உசரத்துக்கு வளந்து செவச்செவன்னு பூக்கும், ஆனா பிஞ்சு நிக்காது. மொத வருசம் பூத்துக் கொட்டுச்சு, ரெண்டாம் வருசம் பூத்துக் கொட்டுச்சு, மூணாம் வருசமும் பூத்துக் கொட்டுச்சு. மாமியா கருப்பாத்தா சொல்லிப்புட்டா, "இந்தா பாரு பாவாயி, ஆடிப் பதினெட்டுக்குள்ள ஒத்தப் பிஞ்சாவது கண்ணுல காட்டு. இல்லேன்னா வெட்டி அடுப்புல வச்சுருவேன். அந்த எடத்துல எருமை கட்டலாம்."

பாவாயிக்குச் சோறு எறங்கல. ஏன் காய்க்கலன்னு மரத்தடியிலயே உக்காந்து பாத்தா, ஒரு தேன்சிட்டுகூட அந்தப் பக்கம் எட்டிப் பாக்கல. பூவுக்குப் பூ மூக்கை விட்டுத் தூள் பூசிவிட ஆள் வேணுமில்ல? எங்க வரும்? வேலிக்கு அந்தாண்ட நஞ்சப்ப மணியக்காரர் தோட்டம். ஊர்ச் சிட்டெல்லாம் அங்கதான். அந்த மனுசன் துண்டை இழுத்து விட்டுக்கிட்டு, "எல்லாம் என் சிட்டுங்க"ன்னு வர்றவங்க போறவங்ககிட்டயெல்லாம் பீத்திக்குவாரு, என்னமோ அவரே முட்டை போட்டு அடைகாத்த மாதிரி.

சரி, நாமளும் கூப்பிட்டுப் பாப்போம்னு பாவாயி ஒரு கை சீனிக்கு நாலு கை தண்ணி கலக்கி, கொட்டாங்குச்சியில ஊத்தி மரத்தடியில வச்சா. நாய் வந்து நக்கிட்டுப் போயிருச்சு. மறுநாள் கயிறு கட்டிக் கெளையில தொங்கவிட்டா. கயித்து வழியா எறும்பு எறங்கி, குடும்பம் குடும்பமாக் குளிச்சிட்டுப் போச்சு. மூணாம் நாள் என்ன பண்ணினா தெரியுமா? கயித்துல ஒரு துணியைச் சுத்தி வெளக்கெண்ணெயில நனைச்சுவிட்டா. எறும்பு காலை வச்சுச்சு, வழுக்குச்சு, "இது நம்ம ரோடு இல்லப்பா"ன்னு திரும்பிப் போயிருச்சு. வெளிம்புல ரெண்டு செம்பருத்திப்பூவும் சொருகினா. யாரது சிரிக்கிறது? சிரிக்கிற எடம் இன்னும் வரல, சும்மா இரு.

அப்புறம் ஒரு சிட்டு வந்துச்சு. ஒரு வாய் குடிச்சுச்சு. "அக்கா, தம்பி, எல்லாரும் வாங்க"ன்னு கீச்கீச்சுன்னு கத்த, ஒரு கூட்டமே வந்துருச்சு. பாவாயி கெட்டிக்காரி, ஒரு நாளும் நெறைய ஊத்த மாட்டா. நாலு சொட்டு. குடிச்சு முடிச்சுப் பத்தாம, சிட்டுங்க மாதுளைப் பூவுக்குப் போகும். தினம் காலையில கொட்டாங்குச்சியைக் கழுவித் தொடைச்சுப் புதுசா ஊத்துவா.

மணியக்காரருக்கு வயிறு எரிஞ்சுச்சு. வேலிக்கு மேல தொரட்டியை நீட்டிக் கொட்டாங்குச்சியை அறுத்தாரு. அவ வேற கட்டினா. அதையும் அறுத்தாரு. அவ இன்னொண்ணு கட்டினா. தேங்கா ஒடைக்கிற வீட்டுல கொட்டாங்குச்சிக்கா பஞ்சம்? கடைசியில அவரே வந்து, "ஏம்மா பாவாயி, அதுல என்னதான் கலக்குற?"ன்னாரு.

"சீனியும் தண்ணியுந்தானுங்க."

"யாருகிட்ட கதை விடுற? வெறும் சீனித் தண்ணிக்கா என் சிட்டுங்க வேலி தாண்டும்?"

உண்மையைச் சொன்னா நம்பல பாருங்க. நேரா கருப்பாத்தாகிட்டப் போயி, "அக்கா, முள்ளு மரம் வீட்டுக்கு ஆகாது. ஒரு நாள் தாமசம் பண்ணாம வெட்டிருங்க. வேணும்னா கோடாலி நான் தர்றேன்"னு குடுத்துட்டும் வந்துட்டாரு.

வந்து, சிட்டுங்களைத் திருப்பி இழுக்கத் தன் தோட்டத்துல ஒரு அண்டா எறக்கினாரு. வெல்லப்பாகு ஊத்துன்னாரு, கொம்புத்தேன் ஊத்துன்னாரு, நெய் ஊத்துன்னாரு. அவரு பொஞ்சாதி, "குருவிக்கு எதுக்குங்க இதெல்லாம்?"னு கேட்டா. "மணியக்காரர் வீட்டு விருந்துடி! சுக்கும் மொளகும் போடாம பானகம் குடுத்தா ஊரு சிரிக்காதா?"ன்னு ரெண்டு கை அள்ளிப் போட்டாரு.

ஆடிப் பதினெட்டு விடிஞ்சுச்சு. ஒரு சிட்டு வந்து அண்டாவுல மூக்கை விட்டுச்சு. அச்சு! அச்சு! அச்சு! தும்மிக்கிட்டே பறந்துருச்சு. அப்புறம் எறும்பு வந்துச்சு. அப்புறம் குளவி வந்துச்சு. அப்புறம் தேன் வாசனை மலை வரைக்கும் போயி, கரடி வந்துச்சு. இப்பச் சிரிங்க. கரடி சப்பணம் போட்டு உக்காந்து அண்டாவைத் தொடைச்சு நக்கிட்டு, "ஐயா, சுக்கு பிரமாதம். இன்னுங் கொஞ்சம் இருக்குங்களா?"ன்னுச்சு.

மணியக்காரரு எடுத்தாரு பாரு ஓட்டம்! வேலியைத் தாண்டி, பாவாயியோட மாதுளை மரத்துல ஏறி உச்சிக்கே போயிட்டாரு. முள்ளுன்னா முள்ளு, வேட்டியைக் கிழிச்சு, முதுகைக் கீறி, உக்கார்ற எடத்துலயும் குத்திருச்சு. கரடி வேலி மேல தாடையை வச்சு, "அவசரம் இல்லீங்க, இருக்கேன்"னுச்சு.

அப்பப் பாத்துக் கோடாலியோட வந்தா கருப்பாத்தா. பின்னாலயே பாவாயி அழுதுக்கிட்டு வர்றா. "அத்தை, வேண்டாங்க அத்தை, எங்கம்மா குடுத்தது, அது ஒண்ணுதான் இருக்குது."

"சொன்ன நாளு வந்துருச்சு. மணியக்காரரே, எறங்குங்க, வெட்டணும்."

"ஐயோ அக்கா, வெட்டாதீங்க!"

"நீங்கதானே வெட்டச் சொன்னீங்க? கோடாலிகூட உங்களுதுதான்."

"தப்புத்தானுங்க அக்கா! வெட்டினா நேரா கரடி மடியில விழுவேன்! இருங்க இருங்க... அக்கா, பிஞ்சு! என் மூக்குக்கு நேரா பிஞ்சு இருக்குது! ஒண்ணு, ரெண்டு, இந்தா மூணு!"

"உசுருக்குப் பயந்து புளுகாதீங்க."

பாவாயி கட்டிலை இழுத்துப் போட்டு ஏறி, எலையை வெலக்கிப் பாத்தா. அவரு தோட்டத்துப் பக்கமா, உச்சிக் கெளையில, எலுமிச்சங்காய் அளவுக்கு மூணு பிஞ்சு. கீழ இருந்து பாத்தா தெரியாது. "அம்மா"ன்னு ஒரே ஒரு வார்த்தை சொல்லிக் கெளையைக் கட்டிக்கிட்டு அழுதா. கருப்பாத்தா கோடாலியைக் கீழ போட்டுட்டு, "சரி சரி, எறங்கு, முள்ளு கிழிச்சிரப் போவுது"ன்னா.

மணியக்காரரு மட்டும் எறங்கல. பொழுது சாய்ஞ்சு கரடி கெளம்புற வரைக்கும் முள்ளு மேலயே உக்காந்திருந்தாரு. சிட்டுங்க அவரு காதோரமா வந்து சீனித்தண்ணி குடிச்சிட்டுப் போச்சுங்க. மூணும் பழுத்தப்ப ஒண்ணை மாமியாளுக்குக் குடுத்தா, ஒண்ணை அம்மா பேரைச் சொல்லிப் படைச்சா, இன்னொண்ணை மணியக்காரருக்கே குடுத்தனுப்பினா பாவாயி. மொதல்ல பாத்தவரு அவருதானே. அவரு அதை நின்னுக்கிட்டே தின்னாராம், அப்பவும் உக்கார முடியல.

அடுத்தவ வேலிக்குள்ள தொரட்டி நீட்டினா முள்ளு மேலதான் உக்காரணும். கரடி மலைக்குப் போச்சு, சிட்டு கூட்டுக்குப் போச்சு, நீங்க பாயைப் போடுங்க.