கிளிஞ்சல் கோடு

கடலுக்கு எல்லைக்கோடு போட்ட முயலைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கிறீர்களா, கண்ணுகளா? இல்லையா? அப்படியானால் காதைக் கொடுங்கள்.

கடலை ஒட்டிய ஒரு சவுக்குக் காட்டில் அந்த முயல் இருந்தாள். யார் எதைக் கேட்டாலும் "முடியாது" என்று சொல்ல அவளுக்கு வாய் வராது. அவளுக்கு மூன்று குட்டிகள். மூன்றும் இன்னும் ஓடப் பழகவில்லை.

போன வருடத்துப் புயலில் கடல் எதுவரை ஏறியது என்று அவள் தேடித் தேடிப் பார்த்தாள். சில மரங்களின் அடியில் கடற்பாசி காய்ந்து ஒட்டியிருந்தது. அந்த மரங்களையெல்லாம் சேர்த்து, வெள்ளைக் கிளிஞ்சல்களை வரிசையாக வைத்துக் காட்டின் குறுக்கே ஒரு கோடு போட்டாள்.

"புயல் வந்தால் கோட்டுக்குக் கீழே இருக்கிறது எல்லாம் கடலுக்குத்தான். மேலே மணல்மேடு இருக்கிறது, ஏறிக்கொள்ளுங்கள்" என்று எல்லாரிடமும் சொன்னாள். அவளுடைய வளையும் கோட்டுக்குக் கீழேதான் இருந்தது. புயல் வருகிறது என்றால் முதல் வேலையாகக் குட்டிகளைத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும் என்று நினைத்துக்கொண்டாள்.

அன்றைக்கே, நடுக்கடல்வரை பறந்து போய் வந்த ஆலாப் பறவை ஒரு செய்தி கொண்டுவந்தது. "தெற்கே ஒரு புயல் சுற்றிக்கொண்டிருக்கிறது. எந்தப் பக்கம் திரும்பும் என்று இன்னும் பிடிபடவில்லை."

செய்தியைக் கேட்டதும் நரி வந்தது. மேட்டைப் பார்க்கவில்லை. கோட்டைப் பார்த்தது.

"தங்கச்சி, நாளை மறுநாள் என் மகனைப் பார்க்கப் பெண் வீட்டார் வருகிறார்கள். வீடு கோட்டுக்குக் கீழே என்றால் எவன் பெண் கொடுப்பான்? கொஞ்சம் தள்ளிப் போடேன்."

"அண்ணே, கடல்..."

"கடலா பெண் கொடுக்கப் போகிறது?"

முயலுக்கு முகத்தை முறிக்க மனசு வரவில்லை. கிளிஞ்சல்களைப் பொறுக்கி, கடல் பக்கமாகத் தள்ளி வைத்தாள். நரி வீடு மேலே போய்விட்டது.

பத்து நிமிஷத்தில் காட்டுப்பன்றி வந்து நின்றது. "நரிக்குத் தள்ளினாயாமே! என் கிழங்கு மட்டும் உப்புத் தண்ணீரில் ஊறணுமா?"

கோடு இன்னும் தள்ளிப் போனது.

மயில் வந்தது. "நான் ஆடுகிற இடம் கோட்டுக்குக் கீழேயாம். கோடு போட்டதிலிருந்து என் ஆட்டத்தைப் பார்க்க ஒரு காடைகூட வரவில்லை, அக்கா!"

தள்ளித் தள்ளி, சாயங்காலத்துக்குள் கோடு அலை நனைக்கிற மணலுக்கே போய்விட்டது. கோட்டுக்குக் கீழே ஒரு நண்டு மட்டும்தான் மிச்சம். அது ஒன்றும் கேட்கவில்லை. அதற்குத் தண்ணீர் பழக்கம்.

மறுநாள் முயல் தன் வளை வாசலில் நின்று பார்த்தாள். "அட, நம்ம வளையும் கோட்டுக்கு மேலே வந்துவிட்டதே!" என்று அவளுக்கே நிம்மதியாகிவிட்டது. குட்டிகளை அணைத்துக்கொண்டு படுத்தாள்.

மூன்றாம் நாள் காலையில் ஆலா அலறிக்கொண்டு வந்தது. "புயல் நம்ம பக்கம் திரும்பிவிட்டது! மதியத்துக்குள் இங்கே! கோட்டுக்குக் கீழே இருப்பவர்கள் எல்லாம் மேட்டுக்கு ஓடுங்கள்!"

எல்லாரும் எட்டிப் பார்த்தார்கள். கோட்டுக்குக் கீழே நண்டைத் தவிர யாரும் இல்லை.

"இது நமக்கு இல்லை" என்று நரி வாலைச் சீவிக்கொண்டது.

ஆலா முயலிடம் இறங்கி வந்தது. "நீ ஏன் அக்கா இன்னும் கிளம்பவில்லை?"

"நான்தான் கோட்டுக்கு மேலே இருக்கிறேனே."

"எந்தக் கோட்டுக்கு? பாசியைப் பார்த்துப் போட்டதற்கா, பக்கத்து வீட்டாரைப் பார்த்துப் போட்டதற்கா?"

முயல் வளைக்குள் பாய்ந்தாள். ஒரு குட்டியை வாயில் கவ்விக்கொண்டு மேட்டுக்கு ஓடினாள். இரண்டாவது குட்டியைத் தூக்க வந்தபோது காற்று சவுக்கு மரங்களை வளைத்தது. மூன்றாவதைத் தூக்க வந்தபோது வளை வாசலில் தண்ணீர். குட்டி மூக்கை மட்டும் தூக்கிக்கொண்டு கத்தியது. கவ்வினாள், ஓடினாள், ஏறினாள். மூன்றும் உயிரோடு இருந்தன.

கீழே நரி கடலைப் பார்த்துக் கத்தியது. "கோடு அங்கே இருக்கிறது! அங்கே!"

கடல் கோட்டையும் வாரிக்கொண்டு ஏறியது. நரி வீடு, கிழங்குத் தோட்டம், ஆட்டக்களம், முயல் வளை எல்லாவற்றையும் தாண்டி வந்து, பாசி ஒட்டிய பழைய மரங்களின் அடியில் போய் நின்றது. கொண்டுவந்த கிளிஞ்சல்களை அங்கேயே வரிசையாக வைத்தது.

பன்றியும் மயிலும் சொட்டச் சொட்ட மேட்டில் ஏறின. கடைசியாக மகனை இழுத்துக்கொண்டு நரி வந்தது. மேலே நிமிர்ந்து பார்த்தால், மேட்டு உச்சியில் பெண் வீட்டார்! வருகிற வழியில் ஆலா சொன்னதைக் கேட்டு, நனையாமல் ஏறி உட்கார்ந்திருந்தார்கள்.

நரி வாலை மடக்கிக்கொண்டு, முயலின் காதோரம் மெதுவாகச் சொன்னது.

"தங்கச்சி, அவர்கள் பார்க்கிறார்கள். நான் உன் பின்னால் ஒளிந்துகொள்கிறேன். கொஞ்சம் தள்ளி உட்காரேன்."

நீதி: ஆபத்தின் எல்லையை நம் வசதிக்குத் தள்ளி வைக்கலாம், ஆபத்து தள்ளி நிற்காது.