அழுங்கு மறைத்ததும் ஆள்காட்டி கத்தியதும்

"ஊற்று ஏன் வற்றியது என்று கேட்டால், ஊற்று வற்றவேயில்லை என்கிறாய். வற்றவில்லை என்றால் தண்ணீர் எங்கே என்று கேட்டால், அது அரசாங்க ரகசியம் என்கிறாய். வெயிலில் என் முட்டை வெந்துபோனால் அதையும் ரகசியமாக வைப்பாயா?"

ஆள்காட்டிக் குருவி தினமும் காலையில் இதையே ஒரு சொல் மாறாமல் கேட்டது. அழுங்கிடம் கேட்டது. உடம்பெல்லாம் செதில் போர்த்திய அந்தப் பிராணிதான் காட்டுக்குத் தலைவியான யானையின் செயலாளர். யாராவது கேள்வி கேட்டால் தலையை வயிற்றுக்குள் செருகி, வாலால் மூடி, உருண்டையாகிவிடும். இந்தத் திறமைக்காகத்தான் அதற்கு வேலையே கிடைத்தது.

அன்றும் உருண்டது.

"இதோ, சுருண்டாயிற்று. இதற்கு ஒரு பதவி வேறு," என்றது ஆள்காட்டி. "இந்த இடத்தில் ஒரு பலாக்காயை வைத்திருந்தாலாவது இந்நேரம் பழுத்திருக்கும்."

அதன் கோபத்துக்குக் காரணம் இருந்தது. ஆள்காட்டி கூடு கட்டாது. வெட்டவெளியில், கூழாங்கற்களுக்கு நடுவே, கல்லைப் போலவே புள்ளி போட்ட முட்டைகளை இட்டுவைக்கும். கோடையில் நெஞ்சுச் சிறகைத் தண்ணீரில் நனைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தால்தான் முட்டைக்குச் சூடு ஏறாது. பக்கத்து ஊற்றோ திடீரென்று நின்றுவிட்டது. ஆற்றுக்குப் பறந்து போய்த் திரும்புவதற்குள் சிறகு காய்ந்துவிடுகிறது. மான்களின் பாடு இன்னும் மோசம். அந்த ஆற்றில் முதலை இருந்தது.

சத்தம் தாங்காமல் யானையே வந்துவிட்டது.

"உனக்கு என்னதான் வேண்டும்?"

"உண்மை வேண்டும், தலைவியம்மா. உங்கள் ஆட்சியில் எல்லாமே மூடுமந்திரமாக இருக்கிறது."

யானைக்கு ஊற்றுப் பேச்சே பிடிக்கவில்லை. அதை மாற்றினால் போதும் என்றிருந்தது. "சரி. இனி நான் இடும் உத்தரவுகளை நீயே காடு முழுக்கச் சொல். எதையும் மறைக்க வேண்டாம். திருப்திதானே?"

"ஒரு சொல் விடமாட்டேன்."

உருண்டைக்குள்ளிருந்து அழுங்கு முனகியது. "கொஞ்சம் பார்த்துச் சொல்லம்மா. சிலதெல்லாம்..."

"நீ சுருண்டே இரு. நீ பார்த்துப் பார்த்துச் சொன்ன லட்சணம்தான் தெரிகிறதே."

மறுநாளிலிருந்து காட்டின் நிம்மதி போயிற்று.

"தலைவிக்கு வயிறு உப்புசம்! மூங்கில் கொண்டுவர வேண்டாம்! தலைவியின் அக்கா மகன் புளியமரத்தில் முதுகு தேய்க்கத் தடை!"

காட்டெருமைகள் காதை மடித்துக்கொண்டு திரிந்தன. இத்தனை கத்தலிலும் ஊற்றைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை வரவில்லை. யானை அதைப் பற்றி உத்தரவே இடவில்லையே! ஆள்காட்டிக்கு அது உறைக்கவும் இல்லை. கத்துவதற்கு அவ்வளவு இருந்தது.

ஒரு நாள் மத்தியானம் புதிதாக ஓர் உத்தரவு வந்தது. ஆள்காட்டி ஒரு சொல் விடாமல் அதையும் கத்தியது.

"பாறை மேட்டுக்குக் கிழக்கே, ஒற்றை ஆவாரஞ்செடியின் அடியில் முட்டைகள் இருக்கின்றன! யானைகள் மிதிக்காமல் சுற்றிப் போகவும்! இது யானைகளுக்கு மட்டும்! வேறு யார் காதிலும் விழக் கூடாது!"

கத்தி முடித்த பிறகுதான் அதற்குப் புரிந்தது. அவை அதன் முட்டைகள். மிதித்துவிடாதீர்கள் என்று யானையிடம் கெஞ்சியதும் அதுவேதான்.

புற்றுக்குப் பின்னாலிருந்து உடும்பு தலையைத் தூக்கியது. உடும்புக்கு முட்டை என்றால் உயிர்.

"கிழக்கா மேற்கா, தாயே? அதை மட்டும் இன்னொரு தரம் சொல்லேன்."

ஆள்காட்டி மேற்கே பறந்து, சிறகு ஒடிந்ததுபோல் தரையில் இழுத்துக்கொண்டே அலறியது. "இங்கே வராதே, இங்கேதான் முட்டை இருக்கிறது!" அதன் கூட்டமே காலங்காலமாகச் செய்யும் தந்திரம்.

உடும்பு மசியவில்லை. "நடிப்பு நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் நான் அரசாங்க அறிவிப்பைத்தான் நம்புவேன்," என்று கிழக்கே நடந்தது.

ஆவாரஞ்செடியின் அடியில் முட்டையைக் காணோம். ஒரு செதில் உருண்டைதான் கிடந்தது. பக்கத்தில் கறையான் தின்றுகொண்டிருந்த அழுங்கு, அறிவிப்பைக் கேட்டதுமே ஓடிவந்து, முட்டைகளை வளைத்துச் சுருண்டுவிட்டது.

உடும்பு கீறியது. கடித்தது. வாலால் விளாசியது. "உள்ளே என்ன வைத்திருக்கிறாய்?"

"சொல்வதற்கில்லை," என்றது உருண்டை.

பல் கூசியதுதான் மிச்சம். உடும்பு போய்விட்டது.

ஆள்காட்டி மூச்சிரைக்க வந்து நின்றது. "உன்னைப் பலாக்காய் என்றேன், அண்ணே. மனசில் வைத்துக்கொள்ளாதே."  ஆனால் கேட்காமல் இருக்க அதனால் முடியவில்லை. "முட்டையை மறைத்தாய், சரி. ஊற்றை ஏன் மறைத்தாய்?"

அழுங்கு வழக்கம்போல் இன்னும் இறுகிச் சுருள முயன்றது.

"இறுகாதே! முட்டை உடையும்!"

அழுங்கு தவித்துப்போயிற்று. பிறந்ததிலிருந்து முதல் தடவையாக ஒரு கேள்விக்கு நேரான பதில் சொல்லித் தொலைக்க வேண்டியிருந்தது.

"தலைவி குளிக்கப் போன இடத்தில் வழுக்கி உட்கார்ந்துவிட்டார். கரை சரிந்து ஊற்றுக்கண் அடைத்துக்கொண்டது. பன்றிகள் வந்து கிளறினால் தண்ணீர் வந்துவிடும். ஆனால், எப்படி அடைத்தது என்று கேட்பார்களே?"

"இதற்காகவா மான்குட்டி முதலை வாய்க்குப் பக்கத்தில் போய்த் தண்ணீர் குடித்தது?"

"ரகசியம் காப்பது என் வேலையம்மா."

"யாருக்காகக் காக்கிறோம் என்று பார்ப்பதும் உன் வேலைதான். முட்டை இருக்கும் இடம் தெரிந்தால் முட்டை போகும். தலைவி விழுந்தது தெரிந்தால் என்ன போகும்? நாலு குரங்கு சிரிக்கும்."

"நீயும் வாயைத் திறப்பதற்கு முன்னால் யார் காதில் விழும் என்று..."

"தெரியும், தெரியும். புத்தி வந்தாயிற்று."

அன்று ஆள்காட்டி ஒரே ஓர் அறிவிப்புத்தான் செய்தது. ஊற்றை யார் அடைத்தார்கள், எப்படித் திறக்கலாம் என்ற அறிவிப்பு. பன்றிகள் சிரித்துக்கொண்டே வந்து கிளறின. பொழுது சாய்வதற்குள் தண்ணீர் பொங்கியது. ஆள்காட்டி முதல் ஆளாக இறங்கி நெஞ்சை நனைத்துக்கொண்டது.

யானை மெல்ல வந்து ஓரமாக நின்றது.

"நடந்தது நடந்துவிட்டது. பக்கத்துக் காட்டில் கேட்டால் மட்டும், மழையில் கரை சரிந்தது என்று சொல்லிவிடுங்களேன்."

ஆள்காட்டி முட்டையை நோக்கிப் பறந்துவிட்டது. மான்கள் குடித்துக்கொண்டிருந்தன. அழுங்கு யானையைப் பார்த்தது. இந்தத் தடவை சுருளாமல், "அப்படிச் சொல்வதற்கில்லை, தலைவியம்மா," என்றது.

எளியவருக்கு ஆபத்து வரும் என்றால் ஆட்சி வாயை மூடிக்கொள்ளலாம். ஆள்பவருக்கு வெட்கம் வரும் என்பதற்காக மூடிக்கொள்ளக் கூடாது.