பிரபு தோண்டிய வழி

இருட்டிய பின் ஜாடிக்குள் ஒரு சத்தம் கேட்டது. டொக். கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. மறுபடி, டொக்.

சீனத்தில் ஏழு அரசுகள் ஒன்றையொன்று கடித்துக்கொண்டிருந்த காலம். ஷுவோ என்ற சிறு கோட்டை ஏழு மாதமாக முற்றுகையில் கிடந்தது. பகைவர் மதிலுக்கடியில் சுரங்கம் தோண்டினால் தெரியவேண்டும். அதற்காக உள்ளே வரிசையாகக் கிணறுகள் வெட்டி, வாயில் தோல் இழுத்துக் கட்டிய பெரிய மண் ஜாடிகளை இறக்கியிருந்தார் ஆசான் தெங். கோட்டை காக்கும் வித்தையைக் கற்பிப்பவர் அவர்.

ஜாடியில் காது வைத்துக் கேட்பது அவருடைய மாணவி யுவேனின் வேலை. அவள் கணவன் மூன்றாம் மாதமே மதில்மேல் செத்துப்போனான். கைக்குழந்தையை முதுகில் கட்டியிருந்தாள்.

ஒவ்வொரு கிணறாக இறங்கிக் கேட்டாள். மதிலோரம் சத்தம் தேய்ந்தது. அரண்மனைப் பக்கம் போகப் போகப் பெருத்தது.

ஆசானிடம் ஓடினாள்.

“வெளியிலிருந்து யாரும் தோண்டவில்லை, ஆசானே. உள்ளேயிருந்து தோண்டுகிறார்கள்.”

ஆசான் விளக்கை எடுத்துக்கொண்டு நடந்தார்.

அரண்மனை நிலவறைச் சுவரில் ஒரு கனத்த கதவு புதிதாக முளைத்திருந்தது. அதற்குப் பின்னால் சுரங்கம். மண் வெட்டிய ஆட்கள் வேர்வையோடு அப்போதுதான் வெளியே வந்தார்கள். கோட்டையை ஆளும் பிரபு பயண உடையில் நின்றார். பக்கத்தில் பதினொரு மூட்டை அரிசி.

யுவேன் மூட்டைகளையே பார்த்தாள். ஊர் மரப்பட்டையை வேகவைத்துத் தின்கிறது. அவளுக்குப் பால் வற்றி நான்கு நாள்.

“ஓ, ஜாடிக்காரியா?” பிரபுவின் காரியக்காரன் சிரித்தான். “நல்ல காதுதான். வாயை மூடிக்கொண்டால் நீயும் பிள்ளையோடு வரலாம்.”

அவள் பிரபுவைக் கேட்டாள். “என் புருஷன் யாருக்காகச் செத்தான், ஐயா?”

பிரபு ஆசான் பக்கம் திரும்பினார். “உதவிப் படையோடு திரும்பி வருவேன், தெங். அதுவரை இந்தக் கதவைத் தாழிடக் கூடாது.”

“போங்கள்,” என்றார் ஆசான். “மூட்டைகள் இருக்கட்டும்.”

“நீ என் ஆள்!”

“நான் காக்க வந்தது ஊரை. நீங்கள் அதற்குள் இருந்தீர்கள், அவ்வளவுதான்.”

மண் வெட்டியவர்களும் பட்டை தின்றவர்கள்தான். ஆளுக்கொரு மூட்டையைத் தோளில் ஏற்றி, ஊர்ச் சமையல் கொட்டகைக்குப் படியேறிப் போனார்கள். பிரபு குனிந்து சுரங்கத்துக்குள் நுழைந்தார். காரியக்காரன் பின்னாலேயே ஓடினான்.

யுவேன் சீறினாள். “இடுப்பில் கத்தி இருந்தும் விட்டுவிட்டீர்களே!”

“பிடித்து வைத்தால் வேறு இடத்தில் தோண்டுவார்.”

“பிடிபட்டால் இந்த வழியைப் பகைவனிடம் காட்டிக்கொடுப்பார்.”

“காட்டிக்கொடுப்பார்.”

சுரங்கத்திலிருந்து ஈரக்காற்று வந்தது. குழந்தை முனகியது.

“நான் போகலாமா, ஆசானே?”

“போகலாம். உன் பிள்ளை.”

“வெளியே இவன் பிழைப்பானா?”

“தெரியாது.”

“இங்கே?”

“தெரியாது.”

“ஒன்றும் தெரியாது. இதில் ஆசான் என்று பெயர் வேறு!”

கதவை ஓங்கி உதைத்தாள். அது அதிர்ந்து சாத்திக்கொண்டது. மறுபடி உதைத்தாள். குழந்தை வீறிட்டது.

கதவுக்குக் குறுக்கே போடும் தாழ்க்கட்டை மூலையில் கிடந்தது. ஆசான் அதன் ஒரு முனையைத் தூக்கினார். மறுமுனை தரையிலேயே கிடந்தது. அப்படியே நின்றார்.

“அந்தப் பிரபுவைக் கொல்லவேண்டும் போல இருக்கிறது,” என்றாள் யுவேன். “பயமாகவும் இருக்கிறது. துணிச்சல் ஒரு துளிகூட இல்லை என்னிடம்.”

“கட்டை அதையெல்லாம் கேட்காது,” என்றார் ஆசான். “அந்த முனையைத் தூக்கு.”

தூக்கினாள். ஊர்ப்பக்கமிருந்து கதவுக்குத் தாழ் விழுந்தது.