கார்முத்து குறுக்கே வரும் நேரம்

கார்முத்து தன் கணவனைக் கடைசியாக உயிரோடு பார்த்தபோது, அவன் அவளுக்காக நின்றுகொண்டிருந்தான். அந்த இடத்தில் நிற்பதுதான் ஆகாத காரியம்.

மேகமும் விண்மீனும் வாய்விட்டுப் பேசிய அந்தக் காலத்தில், தொலைதூரத்து விண்மீன் கூட்டம் ஒன்றின் நட்டநடுவில் கருந்துளையான கருவாயன் குடியிருந்தான். அவன் யாரையும் துரத்துவதில்லை. வாய் மட்டும் மூடாது. அவனைச் சுற்றி ஓடுகிறவர்கள் பிழைத்தார்கள், நின்றவர்கள் விழுந்தார்கள். செங்கண்ணன் என்ற விண்மீனும் அவன் மனைவி கார்முத்து என்ற மேகமும் அப்படி ஓடிப் பிழைத்தவர்கள்தான்.

கார்முத்துவுக்குக் கனத்த உடம்பு. போதாததற்கு, வழியில் கிடக்கும் தூசியையெல்லாம் வாரிச் சேர்த்துக்கொள்வாள்.

"இந்தக் குப்பையை எதுக்குப் புள்ள சுமக்கிற?" என்பான் செங்கண்ணன்.

"உங்களுக்கென்ன, வெறுங்கையை வீசிக்கிட்டு ஓடுறீங்க. நாளைக்கு ஆகும்னு ஒருத்தி சேர்த்து வெக்க வேண்டாமா?"

ஒருநாள் அவள் மிகவும் பின்தங்கிவிட்டாள். எப்போதும் சேர்ந்தே போய்ப் பழகியவன், எங்கே காணோம் என்று ஒரு கணம் நின்று திரும்பினான். அவ்வளவுதான். சரிந்தான். நூலாக நீண்டான். கருவாயனின் வாசலில் சுழன்று சுழன்று கண் கூசும் ஒளியானான்.

"அவரைக் குடு!" என்றாள் கார்முத்து, ஓடிக்கொண்டே.

"விழுங்கினதைத் திருப்பித் தர எனக்குத் தெரியாதும்மா," என்றான் கருவாயன். குரலில் பொய் இல்லை. "அவனோட ஒளி மட்டும் வாசல்ல இருக்கும். வேணும்னா நீயும் நின்னுடு. ரெண்டு பேரும் சேர்ந்து இருங்க."

அவள் ஓட்டம் தளர்ந்தது. இன்னும் கொஞ்சம் தளர்ந்தால் விழுந்திருப்பாள். அப்போது ஒளிக்குள்ளிருந்து பழைய அதட்டல் கேட்டது.

"நிக்காத புள்ள! நான் நின்னது போதாதா? சுத்தி வா. வர்றப்ப எல்லாம் பார்த்துக்கலாம்."

"கண்ணு கூசுதுங்க."

"சேர்த்து வெச்சியே குப்பை, அதை விரிச்சுப் போத்திக்க. அது ஆகுற நாள் இதுதான்."

அழுகையோடு சிரிப்பும் வந்தது அவளுக்கு. தூசியை விரித்துப் போர்த்திக்கொண்டு அவன் முன்னால் கடந்தாள். அவனுடைய மெல்லிய கதிர்களைத் தனக்கென்று எடுத்து வைத்துக்கொண்டாள். வலிய கதிர்கள் மட்டும் அவளை ஊடுருவி அப்பால் போயின.

அன்று முதல்தான், அந்த விண்மீன் கூட்டத்தின் நடுவிலிருந்து வரும் ஒளி, ஆஸ்பத்திரியில் எலும்பைக் காட்டுகிற அதே எக்ஸ்ரே ஒளி, சில காலம் மங்கியும் சில காலம் தெளிந்தும் நம்மை வந்து சேர்கிறது. மங்கினால் கார்முத்து குறுக்கே வந்திருக்கிறாள். தெளிந்தால் அந்தப் பக்கம் போயிருக்கிறாள்.

செங்கண்ணன் இல்லை. ஒளி இருக்கிறது.