முழுகாமல் இருந்த நீர்நாய்

ஒரு காட்டில், ஆறு வளைந்து திரும்பும் இடத்தில் ஒரு நீர்நாய்க் குடும்பம் இருந்தது, குழந்தைகளே. அந்த வீட்டின் புது மருமகள் கயலி. அவள் வயிற்றில் குட்டி உண்டாகியிருந்தது. அது அவள் ஒருத்திக்குத்தான் தெரியும்.

சந்தோஷத்தில் அவள் வால் துள்ளியது. பயத்தில் அதே வால் சுருண்டுகொண்டது. 'சொல்லிவிட்டால் நிஜமாகிவிடுமே! எனக்கே ஒழுங்காக மீன் பிடிக்கத் தெரியாது. குட்டியை எப்படி வளர்ப்பேன்?'

ஆனாலும் எத்தனை நாள் வாய்க்குள் வைத்திருப்பது? அவர்களாகவே கண்டுபிடிக்கும்படி அழகாகச் சொல்ல ஆசைப்பட்டாள்.

மாமியாரின் படுக்கையில் ஒரு பெரிய மீனையும், அதை ஒட்டி ஒரு குஞ்சு மீனையும் வைத்தாள். மாமியார் இரண்டையும் தின்றுவிட்டு, "சின்னதுதான்டி ருசி!" என்றாள்.

மணலில் பெரிய காலடியும் பக்கத்தில் குட்டிக் காலடியும் வரைந்தாள். கணவன் துடியன் ஈரம் போக அதன்மேலேயே புரண்டான்.

அப்போது படித்துறையில் கேட்ட பேச்சு நினைவுக்கு வந்தது. "எங்க மருமக முழுகாம இருக்கா" என்று ஒரு பெண் சொன்னதும் மற்றவர்கள் துணி துவைப்பதை விட்டுவிட்டு அவளைக் கட்டிக்கொண்டார்களே! கருவுற்றதைத்தான் மனிதர்கள் அப்படிச் சொல்கிறார்கள். 'என்ன நாசூக்கான சொல்!' என்று கயலி மகிழ்ந்துபோனாள்.

மறுநாள் காலை பாறைமேல் உட்கார்ந்துகொண்டாள். வம்பளக்கும் நாரை வந்தது.

"என்ன கயலி, தண்ணீரில் இறங்கவில்லையா?"

"நாரை மாமா, நான்... முழுகாமல் இருக்கிறேன்."

"முழுகாமலா! ஏன், பயமா?"

"பின்னே இருக்காதா? முதல் தடவை அல்லவா!"

நாரை அதற்குமேல் நிற்கவில்லை. "கயலிக்குத் தண்ணீரைக் கண்டால் பயமாம்!" என்று காடு முழுக்கச் சொல்லிவிட்டது.

முன்கோபக்காரக் காட்டுப்பன்றி துள்ளி எழுந்தது. "தண்ணீரைக் கண்டு நாய் பயந்தால் அது வெறி! கடித்தால் நம் கதி என்ன?"

"அது நாய் இல்லை அண்ணே, நீர்நாய்" என்றது முயல்.

"பேரில் நாய் இருக்கிறதா, இல்லையா?"

உச்சிவேளைக்குள் காடே கரையில் கூடிவிட்டது. "இந்த ஆற்றை விட்டே போய்விடு!" என்று பன்றி உறுமியது.

துடியன் பாய்ந்து வந்து குறுக்கே நின்றான். "யாரையாவது கடித்தாளா அவள்?"

"கடிக்கும்வரை காத்திருக்கச் சொல்கிறாயா?"

"ஐயோ, என் மருமகளுக்கா வெறி!" என்று மாமியார் அழுதாள். அழுதுகொண்டே நான்கு அடி பின்னால் தள்ளி நின்றாள்.

கயலி ஆற்றைப் பார்த்தாள். தண்ணீர் இல்லாத இடத்தில் பிறந்தால் குட்டி எங்கே நீந்தும்? எதைத் தின்னும்? அந்த நினைப்பு வந்ததும் மற்றப் பயமெல்லாம் சின்னதாகிவிட்டது. பாறைமேல் எழுந்து நின்று கத்தினாள்:

"எனக்கு வெறியும் இல்லை, ஒன்றும் இல்லை! என் வயிற்றில் குட்டி இருக்கிறது!"

மாமியாரின் அழுகை சட்டென்று நின்றது.

"குட்டியா?" என்றாள் மாமியார். "அதற்கு ஏன்டி முழுகவில்லை என்றாய்?"

"மனிதர்கள் அப்படித்தான் சொல்கிறார்கள், அத்தை."

"அடி அசடே! அவர்கள் முழுகாமல் இருக்கலாம். நாம் முழுகாமல் இருந்தால் பட்டினி அல்லவா கிடக்க வேண்டும்? துடியனைப் பெற்ற அன்று காலையில்கூட நான் முழுகி ஒரு விரால் பிடித்தேன்!"

காடே சிரித்தது. துடியன் தலைகால் புரியாமல் மூன்று முறை கரணம் போட்டான். "நான் அப்போதே சந்தேகப்பட்டேன்" என்று பன்றி முணுமுணுத்தது.

கயலி மாமியாரின் அருகே ஒட்டி உட்கார்ந்தாள். "அத்தை, எனக்கு நிஜமாகவே பயமாக இருக்கிறது."

"எனக்கு மட்டும் இல்லாமலா இருந்தது? பயத்தில் உன் மாமனாரைக் கடித்தே விட்டேன்! நல்லவேளை, இந்தப் பன்றி அப்போது பிறக்கவில்லை."

கயலி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். மாமியார் இப்போது ஒரு அடிகூடத் தள்ளி உட்காரவில்லை.

நீதி: நல்ல செய்தியை விடுகதையாக்காதே, வாய் திறந்து நேராகச் சொன்னால் மகிழ்ச்சி இரட்டிக்கும், பயம் பாதியாகும்.