எசமானுக்கு ஏத்த தோட்டா

ஊத்தடி ஜமீன்தார் அறுநூறு கஜம் தள்ளி நட்ட குறிப்பலகையில் ஒரு தடவைகூடக் குண்டைப் பாய்ச்சியதில்லை. பழியெல்லாம் தோட்டா மேல்தான். அன்றைக்குத் தோட்டாப் பெட்டி சுமக்கும் பேச்சிமுத்துவைப் பிடித்துக்கொண்டார்.

"பெருசும் போட்டாச்சு, சிறுசும் போட்டாச்சு. எனக்கேத்த தோட்டாவை இப்ப நீ எடுக்கலைன்னா, உனக்கு இங்க வேலை இல்லலே!"

பேச்சிமுத்து பெட்டியைக் கிளறி, ஒன்றைத் தேடியெடுத்துத் துப்பாக்கியில் போட்டுக் கொடுத்தான்.

ஜமீன்தார் விசையை இழுத்தார். வெடிக்கவே இல்லை. ஆனால் அவர் கண் இறுக மூடிக்கொண்டது, தோள் துள்ளியது, துப்பாக்கிக் குழல் வானத்தைப் பார்த்தது.

"என்னலே இது?"

"மருந்தில்லாத வெத்துத் தோட்டா எசமான். மத்ததெல்லாம் நல்ல தோட்டாதான். அது கிளம்புறதுக்கு முந்தி நீங்க கிளம்பிருதிய!"

ஜமீன்தார் சுற்றுமுற்றும் பார்த்தார். வேறு யாருமில்லை.

"இன்னொரு வெத்து இருந்தாப் போடுலே. பழகிக்கிடுதேன்."