‘இல்லை’ நுழையாத அரண்மனை

முன்னொரு காலத்தில், எந்த நாடு என்று கேட்டால் எனக்கே சொல்லத் தெரியாத ஒரு நாட்டில், வீரகேசரி என்ற மன்னர் ஒரே ஒரு சொல்லுக்குப் பயந்து வாழ்ந்தார். அந்தச் சொல் ‘இல்லை’.

பட்டம் கட்டிய அன்று யாரோ ஒரு சோதிடர், “அந்தச் சொல் காதில் விழ விழ, அரசே, ராச்சியம் தேயும்” என்று சொல்லிவிட்டு நடையைக் கட்டினார். அன்றிலிருந்து அரண்மனை வாசலுக்குள் அதற்குத் தடை. ஒரு பொருள் தீர்ந்துபோனால் ‘நிறைந்திருக்கிறது’ என்றுதான் சொல்ல வேண்டும். அரிசிப் பானை காலியானால் நம் வீட்டுப் பெண்கள் சொல்வார்களே, அதே வழக்கம்தான். மீறியவர் வாயில் ஒரு பிடி கல்லுப்பைத் திணித்து, பொழுது சாயும்வரை கொலு மண்டபத் தூணோடு நிறுத்திவிடுவார்கள்.

பழகப் பழக எல்லோருக்கும் சரளமாக வந்தது. மடைப்பள்ளியில் “புளி நிறைந்திருக்கிறது” என்று குரல் கேட்டால் சந்தைக்கு ஆள் ஓடும். ஒருமுறை எல்லைக் காவல் தலைவர், “கோட்டையில் வீரர்கள் நிறைந்திருக்கிறார்கள்” என்று ஓலை அனுப்பினார். மன்னர் மகிழ்ந்துபோய் ஊருக்கே விருந்து வைத்தார். பாயசம் வரும்போதுதான் அர்த்தம் உறைத்தது.

அந்த அரண்மனையில் சொக்கட்டான் என்றொரு விகடகவி இருந்தான். பெற்றவர்கள் வைத்த பெயர் வேறு. தாயக்கட்டைபோல எப்படி உருட்டினாலும் தனக்கு வேண்டிய பக்கம் விழுவான் என்பதால் இந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது.

ஒரு நாள் நண்பகல். மன்னர் இலைமுன் அமர்ந்து முதல் கவளத்தை வாயருகே கொண்டுபோனார்.

“அதைக் கீழே வையுங்கள், அரசே!”

வாசலில் தலைமை அமைச்சர் வில்லவராயர் நின்றார். மூச்சிரைத்தது. முகத்தில் மட்டும் கவலையைக் காணோம்.

“என்ன வில்லவராயரே? விஷமா?”

“விஷம் இருக்கிறதோ என்னவோ, நான் அறியேன். இருந்தால் தடுக்க ஆள் யார் என்பதுதான் என் கேள்வி. மடைப்பள்ளித் தலைவர் மருதநம்பி ஒவ்வொரு வேளையும் அடுப்பங்கரை அம்மன்முன் கற்பூரம் ஏற்றி, ‘இது நல்ல சோறு’ என்று சத்தியம் செய்ய வேண்டும். புகைபோக்கி வழியாக மூன்று நாட்கள் என் கண்ணாலேயே பார்த்தேன். அவர் கற்பூரத்தைத் தொடுவதே கிடையாது. அந்த மனிதர் எந்தத் தெய்வத்தையும் நம்பாதவர்!”

மன்னரின் விரல்களிலிருந்து கவளம் இலையில் விழுந்தது.

பன்னிரண்டு வருடங்கள். சத்தியம் செய்யாத சோறு. மன்னர் இலையைத் தள்ளிவைத்தார். போன மாதம் வந்த விக்கலுக்குக்கூட இப்போது காரணம் தெரிந்தது.

நம்பியைச் சபைக்கு இழுத்து வந்தார்கள். ஐம்பது வயது, கரண்டிக் காம்பு பட்டுக் காய்த்த வலது கை.

“இவர் சொல்வது உண்மையா?”

“உண்மைதான், மன்னா. ஒவ்வொரு பானையிலும் முதல் பிடியை நான் தின்ற பிறகுதான் உங்களுக்கு அனுப்புகிறேன். கற்பூரம் ஏற்றுவது கிடையாது.”

“பெயரிலேயே நம்பியை வைத்துக்கொண்டு நம்பாமல் இருக்கிறாயே!”

“பெயரை வைத்தது நான் அல்ல, மன்னா.”

சபையில் ஒரு வாரமாகச் சைவப் பண்டிதரும் வைணவப் பண்டிதரும் யார் தெய்வம் பெரிது என்று தொண்டை கட்ட வாதாடிக்கொண்டிருந்தார்கள். இருவரும் முதன்முறையாக ஒரே பக்கம் நின்று நம்பியை முறைத்தார்கள்.

வில்லவராயர் குரலைத் தாழ்த்தினார். “தெய்வத்துக்குப் பயப்படாதவனை எது தடுக்கும், அரசே? என் மைத்துனன் திருமேனி மூன்று வேளையும் பூசை செய்பவன். சமையலும் தெரியும்.”

தூணருகே நின்ற சொக்கட்டான் தொண்டையைக் கனைத்தான். “பூசை தெரியும் என்பதைச் சொன்னீர்கள், சரி. சமையலும் தெரியும் என்பதை ஏன் இவ்வளவு மெதுவாகச் சொல்கிறீர்கள்?”

“நீ சும்மா இரு, விகடா!”

“சும்மாதான் இருக்கிறேன். ஆனால் நம்பாமல் இருப்பதும் ஒரு வகை நம்பிக்கைதான் என்று சிலர் சொல்கிறார்களே, மன்னா?”

மன்னர் நிமிர்ந்தார். புதிதாக ஒரு சந்தேகம் கிடைத்தால் விடமாட்டார்.

“அப்படியா? அதுவும் ஒரு நம்பிக்கை என்றால், அதன்மேலேயே இவனிடம் சத்தியம் வாங்கிக்கொள்கிறேன், இருந்துவிட்டுப் போகட்டும். வெறும் வெறுமை என்றால் வலது உள்ளங்கையில் சூடு போட்டு ஆற்றுக்கு அப்பால் தள்ளுங்கள். நாளை நண்பகலுக்குள் நீயே பதில் சொல், சொக்கட்டான். வளவள பேச்சு வேண்டாம். என் கண்ணால் பார்க்கும்படி காட்ட வேண்டும். தவறினால் நீயும் அவனோடு ஆற்றைக் கடக்கலாம்.”

பிறகு வில்லவராயர் பக்கம் திரும்பினார். “நாளை உமது மைத்துனன் சமைக்கட்டும். ஆனால் என் இலைக்கு எதிரே நின்று, கையில் கற்பூரம் ஏந்தி, இந்தச் சோற்றில் விஷம் உண்டா என்பதற்குத் தெய்வத்தின்மேல் ஆணையிட்டுப் பதில் சொல்ல வேண்டும்!”

“அப்படியே, அரசே!” வில்லவராயர் உச்சி குளிர்ந்து தலையாட்டினார்.

சொக்கட்டான் மட்டும் அந்த ஆணையை வாய்க்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்தான். மீசைக்குள் சிரித்தான்.

*

நம்பியை மடைப்பள்ளிக்குப் பின்னால் விறகுக் கொட்டகையில் அடைத்திருந்தார்கள். மாலை வெயில் கொட்டகைக்குள் சாய்ந்து விழும் நேரம் சொக்கட்டான் போனான். நம்பி அவனை ஏற இறங்கப் பார்த்தார்.

“உன்னை யாரு அனுப்பினது? வில்லவராயரா?”

“என் வயிறு அனுப்பிச்சுதுண்ணே. பன்னிரண்டு வருஷமா உங்க கைச் சோறு.”

“விளையாடாத. நாளைக்கு அந்தக் கையே போகப் போவுது. சூடு பட்ட கையில கரண்டி நிக்குமா?”

“அதான் கேக்க வந்தேன். மறைக்காம சொல்லுங்க. சாமி கிடையாதுன்னு நம்புறீங்களா, இருக்குன்னு நம்பாம இருக்கீங்களா?”

“ரெண்டும் ஒண்ணுதானே?”

“உங்க கைக்கு ரெண்டும் வேறண்ணே.”

நம்பி விறகுக் கட்டையில் உட்கார்ந்தார். “ஒரு அண்டாவைத் தெறந்து பாக்குறேன். காலி. காலின்னு சொல்றேன். ‘அந்தக் காலி மேல உனக்கு எவ்வளவு பக்தி’ன்னு கேட்டா நான் என்னத்தைச் சொல்ல?”

“எல்லா அண்டாவையும் தெறந்து பாத்தாச்சா?”

“தெறந்த வரைக்கும்தான் சொல்ல முடியும்.”

“தெறக்காததுல இருந்துட்டா?”

“இருந்தா பரிமாறட்டுமே. நான் இலை போட மாட்டேன்னா சொன்னேன்?”

சொக்கட்டான் தலையைச் சொறிந்தான். “நான் மூணு வேளையும் கும்பிடுறவன். பாதி பக்தி, பாதி பயம். நீங்களும் சும்மா கற்பூரத்தை ஏத்திட்டு ஒரு வார்த்தை சொல்லித் தொலைச்சிருக்கலாமே?”

“பொய் சொன்ன வாயால ருசி பாக்க முடியாது, தம்பி.”

சொக்கட்டான் கொட்டகை வாசலை ஒருமுறை எட்டிப் பார்த்தான். பிறகு குனிந்தான்.

“கேளுங்க. நாளைக்கு வில்லவராயர் சபையில உங்களை நேராக் கேப்பார், கடவுள் இருக்கிறாரான்னு. உங்க மனசுல உள்ளதை அப்படியே சொன்னா, தடை செஞ்ச சொல் வந்துடும், வாயில உப்பு. மாத்திச் சொன்னா பொய்ச் சாட்சி. ரெண்டு பக்கமும் குழி வெட்டி வெச்சிருக்கார்.”

“உப்பைத் தின்னாலும் தின்னுவேன். பொய் வராது.”

“பொய்யே வேண்டாம். மடைப்பள்ளியில புளி தீந்துபோனா என்ன சொல்லுவீங்க?”

நம்பி சொன்னார். சொன்ன வாய் மூடாமல் அப்படியே இருந்தார்.

*

மறுநாள் நண்பகல். கொலு மண்டபத்தின் நடுவே தலைவாழை இலை. எதிரே மன்னர். நேற்று நண்பகலிலிருந்து தம் கண்முன் வெட்டிய இளநீரைத் தவிர எதையும் தொடவில்லை. கண் உள்ளே போயிருந்தது. விசிறி வீசுபவனைக்கூட, “எங்கே, அந்த விசிறியை நீ முதலில் முகர்” என்று முகரச் சொல்லிவிட்டே வீசவிட்டார்.

வில்லவராயர் முதல் ஆளாக எழுந்தார். “மருதநம்பி! சபை அறியச் சொல். கடவுள் இருக்கிறாரா?”

மண்டபம் மூச்சை அடக்கியது. உப்பைத் திணிக்கும் காவலன் ஓரடி முன்னால் வந்தான்.

நம்பி கைகளைக் கட்டிக்கொண்டு அமைதியாகச் சொன்னார். “நிறைந்திருக்கிறார், மன்னா.”

“ஆகா!” சைவப் பண்டிதருக்குக் கண்ணீரே வந்துவிட்டது. “அணுவுக்குள் அணுவாய் நிறைந்திருக்கிறார் என்கிறார்! எவ்வளவு பெரிய ஞானம்!”

“எங்கும் நீக்கமற!” என்று வைணவப் பண்டிதர் கைகூப்பினார். “இவரையா ஐயா நேற்று முறைத்தோம்?”

வில்லவராயரின் முகம் கறுத்தது. மூன்று நாள் புகைபோக்கியில் இருமி இருமித் தேடிய பலன், ஒரே சொல்லில் வழுக்கிப் போகிறது.

“ஏமாற்று வேலை, அரசே!” என்று கத்தினார். “மயங்காதீர்கள்! இந்த அரண்மனையில் ‘நிறைந்திருக்கிறார்’ என்றால் என்ன அர்த்தம்? ‘இல்லை’ என்று அர்த்தம்! கடவுள் இல்லை! இல்லை! அதைத்தான்...”

நின்றுவிட்டார். யாரும் அசையவில்லை. கூரையில் இருந்த புறா ஒன்று மட்டும் சிறகை அடித்துக்கொண்டது.

சொக்கட்டான் மெல்ல முன்னால் வந்தான். “மன்னா, இந்தச் சபையில் அந்தச் சொல்லைச் சொன்னவர் ஒருவர்தான். அவர் சமையற்காரர் அல்ல. அமைச்சர். அதுவும் மூன்று முறை.”

“உப்பு!” என்றார் மன்னர். காவலன் மடைப்பள்ளிக்கு ஓடினான்.

வில்லவராயர் வியர்வையைத் துடைத்தார். ஆனால் விடுகிற ஆள் அல்ல. “என் வாயில் உப்பைப் போடுங்கள். அதற்காக உங்கள் கேள்வி தீர்ந்துவிடுமா, அரசே? இவன் நம்பாமை ஒரு நம்பிக்கையா அல்லவா?”

“சரியான கேள்வி” என்றார் மன்னர். “சொக்கட்டான், காட்டு.”

“காட்ட ஒன்றும் தேட வேண்டாம், மன்னா. நேற்று நண்பகல் முதல் தாங்கள் உண்ட உணவு எது?”

“உணவா? பட்டினி கிடக்கிறேனடா!”

“பட்டினியா! நல்ல பலகாரம். ஆவியில் வேகவைத்ததா, எண்ணெயில் பொரித்ததா?”

“உண்ணாமல் இருப்பது எப்படியடா உணவாகும்?”

“ஆகாதா? அப்படியானால் நம்பாமல் இருப்பது நம்பிக்கை ஆகாது.”

“கேட்டீர்களா!” வில்லவராயர் துள்ளினார். “அவன் வாயாலேயே வந்துவிட்டது. சூட்டுக்கோல் எங்கே?”

நம்பி தன் வலது கையை ஒருமுறை பார்த்துக்கொண்டார்.

“பொறுங்கள், அமைச்சரே. சோறு கிடைக்காமல் பட்டினி கிடப்பவர் உண்டு. சோற்றையே தள்ளிவைத்து, பிடிவாதமாக விரதம் இருப்பவரும் உண்டு. அவருக்கு அந்த விரதமே விருந்து. அதேபோல, நம்பாமையையே நெஞ்சில் நட்டுவைத்துக் காவல் காப்பவர் இருந்தால் அது ஒரு நம்பிக்கைதான். நம்பி அண்ணன் எந்த வகை? வெளியிலிருந்து பார்த்தால் இரண்டு வயிறும் ஒரே மாதிரி ஒட்டித்தான் இருக்கும். எனக்கு அதைக் கண்டுபிடிக்கும் வித்தை தெரியாது.”

“அப்படியானால் நீயும் ஆற்றுக்கு அப்பால்தான்!”

“போகிறேன், மன்னா. அதற்குமுன் தாங்கள் உண்ணுவதைக் கண்ணாரப் பார்த்துவிட்டுப் போகிறேன். நம்பிக்கை உள்ள கை சமைத்தது. பரிமாறச் சொல்லுங்கள்.”

திருமேனி வந்தான். நெற்றி நிறைய நீறு. சோறும் மிளகுக் குழம்பும் இலையில் விழுந்தன. மன்னரின் மூக்கு துடித்தது. கண்கள் மட்டும் குழம்பை நோட்டம் விட்டன.

“ஆணையிடு” என்றார்.

திருமேனி உள்ளங்கையில் வாழையிலைத் துண்டு வைத்துக் கற்பூரம் ஏற்றினான். கண்ணை மூடினான். “அடுப்பங்கரை அம்மன்மேல் ஆணை! இந்தச் சோற்றில் விஷம்...”

நின்றான். கண்ணைத் திறந்தான். உப்புக்கு ஆள் போயிருப்பது நினைவுக்கு வந்தது. வில்லவராயரைப் பார்த்தான். அவர் கூரையைப் பார்த்தார். கற்பூரம் விரலைச் சுட்டது.

“...விஷம் நிறைந்திருக்கிறது, மன்னா!”

மன்னர் இலையிலிருந்து மூன்றடி பின்னால் பாய்ந்தார்.

“ஏன் பயப்படுகிறீர்கள், அரசே?” என்று சொக்கட்டான் அப்பாவியாகக் கேட்டான். “பக்திமான். கையில் கற்பூரம். அம்மன்மேல் ஆணை. அரண்மனை வழக்கப்படி சரியாகத்தான் சொன்னார்.”

“வழக்கப்படி சொன்னானா, உண்மையையே சொன்னானா? எனக்கு எப்படியடா தெரியும்?”

“அதுதானே! அம்மனுக்குத் தெரியும். நமக்கு?”

அதுவரை ஓரமாக நின்ற நம்பி யாரையும் கேட்காமல் முன்னால் வந்தார். குனிந்தார். முகர்ந்தார். அதே இலையிலிருந்து ஒரு பிடி சோற்றைக் குழம்போடு பிசைந்து வாயில் போட்டு மென்றார். சபை அவர் தொண்டையையே பார்த்தது.

விழுங்கினார். முகம் கோணியது.

“ஐயோ, நம்பி!” என்று மன்னர் அலறினார்.

“பயப்படாதீங்க, மன்னா. விஷத்தைக் காணோம். உப்புதான் ரொம்ப அதிகம். சோத்தையும் மோரையும் வெச்சு இன்னைக்குச் சமாளிச்சுக்குங்க.”

மன்னர் யோசிக்கவே இல்லை. சட்டென்று இலைமுன் உட்கார்ந்தார். மோரை ஊற்றச் சொல்லி, இரண்டு கவளம் உள்ளே தள்ளினார். மூன்றாவது கவளத்தை உருட்டும்போதுதான் தம் கையைத் தாமே வியந்து பார்த்தார்.

“மன்னா,” என்றான் சொக்கட்டான், “இப்போது எதை நம்பி உண்டீர்கள்?”

மன்னர் வாய் நிறையச் சோற்றோடு சொன்னார். “நம்பியை நம்பி.”

“தெய்வத்தைப் பற்றி அவர் என்ன நினைக்கிறார் என்று கேட்டீர்களா?”

“அவன் தின்றான். அது போதும்.” மன்னர் கவளத்தை விழுங்கினார். “சூட்டுக்கோலை எடுத்துக்கொண்டு போங்கள். நாளை முதல் அடுப்பு நம்பியுடையது.”

அந்த நேரம் பார்த்துக் காவலன் வெறுங்கையோடு திரும்பி வந்தான். “மன்னா, மடைப்பள்ளியில் உப்பு நிறைந்திருக்கிறது.”

“என்ன?”

“இருந்ததை எல்லாம் புதியவர் குழம்பில் கொட்டிவிட்டார்.”

சொக்கட்டான் மிளகுக் குழம்புச் சட்டியைத் தூக்கி வில்லவராயர் கையில் கொடுத்தான். “தண்டனை வீட்டிலேயே தயாராகிவிட்டது, அமைச்சரே. மைத்துனர் சமையல். மூன்று முறை சொன்னீர்கள், மூன்று கரண்டி.”

முதல் கரண்டி உள்ளே போன வேகத்தில் வில்லவராயரின் இரண்டு கண்களும் சேர்ந்து வெளியே வந்தன. அதைப் பார்த்து மன்னருக்குப் புரையேறும் அளவுக்குச் சிரிப்பு வந்தது. நேற்றிலிருந்து அவர் முகத்தில் கிடந்த சந்தேகமெல்லாம் எங்கே போனதோ.

“அடேய் சொக்கட்டான், கேள்! உனக்கு என்ன குறை? இப்போதே தீர்க்கிறேன்.”

சொக்கட்டான் பணிவாகக் கைகட்டினான். “குறை நிறைந்திருக்கிறது, மன்னா.”

மன்னரின் சிரிப்பு பாதியில் நின்றது. கண்ணை இடுக்கிக்கொண்டு அவனை உற்றுப் பார்த்தார். “எந்த அர்த்தத்தில் சொல்கிறாய்?”

சொக்கட்டான் கூரையில் இருந்த புறாவைப் பார்த்தான்.

மன்னர் நம்பியைப் பார்த்தார். நம்பி உதட்டைப் பிதுக்கினார். பிறகு, எதற்கும் இருக்கட்டும் என்று, மன்னர் விழுந்து விழுந்து சிரித்தபடியே தம் கழுத்து முத்துமாலையைக் கழற்றி அவன் கழுத்தில் போட்டார்.